சான்றிதழும் சமரசமும்: வயது வகைப்பாடு பெருஞ்செலவுத் தமிழ்த் திரைப்படங்களை வடிவமைக்கும் பாங்கு

முன்னுரை

இந்தியாவில் வெளியாகும் திரைப்படம் எதுவாயினும், கதை தொடங்குமுன் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் சில நொடிகள் திரையில் தோன்றி மறையும். அவையில் இருப்போர் பெரும்பாலும் அதனைப் படிப்பதில்லை. இருக்கையைத் தேடுவோரும் நாயகனின் பெயர் வரும் நேரத்திற்காகக் காத்திருப்போரும் அதனைக் கடந்து விடுகின்றனர். தமிழ்த் திரைப்படத் திறனாய்வும் ஏறத்தாழ அவ்வாறே அதனைக் கடந்து வந்துள்ளது. கதை, உரையாடல், பாடல், நடிப்பு, அரசியல் ஆகியன குறித்து விரிவாகப் பேசும் நாம், அப்படம் யாருக்கு உரியது என்று அறிவிக்கும் அந்த ஓரெழுத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கருதியதில்லை.

வயது வகைப்பாடு என்பது முடிந்த படத்தின்மேல் ஒட்டப்படும் அடையாளச் சீட்டு என்பது பொதுவான எண்ணம். பெருஞ்செலவுப் படங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. அவற்றில் சான்றிதழ் முன்கூட்டியே குறிவைக்கப்படும் ஓர் இலக்கு; கதை எழுதப்படும்போதே அது எழுத்தாளர் அருகில் அமர்ந்துவிடுகிறது. இதனால் படத்தின் வடிவம் எவ்வாறு மாறுகிறது, ஒரு நடிகரையோ இயக்குநரையோ பற்றுடன் பின்தொடரும் இரசிகர் ஏன் ஏமாற்றம் அடைகிறார் என்னும் இரண்டு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இரண்டாம் வினாவை இரசிகரின் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

'மர்மயோகி' முதல் இன்றுவரை: சட்டப் பின்னணி

இந்தியாவில் 1918ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் 1949இல் திருத்தப்பட்டபோதுதான் 'யு', 'ஏ' என்னும் இரண்டு பிரிவுகள் தோன்றின. முன்னது அனைவர்க்கும் உரியது. பின்னது வயது வந்தோர்க்கு மட்டும் உரியது. தமிழில் 'ஏ' சான்றிதழ் பெற்ற முதற்படம் என்று குறிக்கப்படுவது 1951இல் கே. இராம்நாத் இயக்கத்தில் எம்.ஜி.இராமச்சந்திரன் நடித்து வெளிவந்த 'மர்மயோகி'. அதில் வரும் பேய்த் தோற்றக் காட்சிகளே அதற்குக் காரணமாயின. கதைப்படி அங்குப் பேய் எதுவுமில்லை. இறந்துவிட்டதாகக் கருதப்படும் அரசனே அவ்வாறு தோன்றுகிறான். எனினும் பொருளைக் காட்டிலும் தோற்றமே அளவுகோலாயிற்று. பின்னாளில் சிறுவர்களைத் தம் படங்களின் முதன்மை அவையினராகக் கொண்ட ஒரு நடிகரின் படமே சிறுவர்க்கு விலக்கப்பட்ட முதல் தமிழ்ப்படமாக அமைந்தது நோக்கத்தக்கது.

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் இவ்விரு பிரிவுகளையும் தொடர்ந்தது. 1983இல் 'யு/ஏ' என்னும் இடைப்பிரிவும், தொழில்முறைக் குழுவினர்க்குரிய 'எஸ்' பிரிவும் சேர்க்கப்பட்டன. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டலுடன் காணத்தக்கது என்பது 'யு/ஏ'வின் பொருள். அதே ஆண்டில் தணிக்கை வாரியம் என்னும் பெயரும் சான்றிதழ் வாரியம் என மாற்றப்பட்டது. பெயர் மாறினும் வெட்டும் பழக்கம் மாறவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடைப்பிரிவை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் என மூன்றாகப் பகுத்தது. தொலைக்காட்சிக்கெனத் தனிச்சான்றிதழ் வழங்கவும் அச்சட்டம் வழிவகுத்தது.

இவற்றுள் 'ஏ' பிரிவின் தன்மையைத் தனியே கருத வேண்டும். அமெரிக்காவின் 'ஆர்' பிரிவில் பதினேழு வயதுக்குட்பட்டவர் பெற்றோருடன் சென்று படம் பார்க்கலாம். இந்தியாவின் 'ஏ' பிரிவில் அதற்கு இடமில்லை. தந்தை உடனிருப்பினும் பதினேழு வயது மகன் வாயிலிலேயே நிறுத்தப்படுவான். ஆகவே 'யு/ஏ'வுக்கும் 'ஏ'வுக்கும் இடையிலான கோடு ஒரு மதில்.

பணம் வகுக்கும் பாதை

அம்மதிலை ஏன் பெருஞ்செலவுப் படங்கள் அஞ்சுகின்றன? விடை எளிது. தமிழ்ச் சமூகத்தில் திரையரங்கிற்குச் செல்வது பெரும்பாலும் குடும்பமாகச் செல்வதேயாகும். ஒரு சிறுவன் விலக்கப்பட்டால் ஓர் இருக்கை மட்டும் காலியாவதில்லை. அவனை வீட்டில் விட்டுவர இயலாத தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரின் இருக்கைகளும் காலியாகின்றன. சிறுபடம் ஒன்று இவ்விழப்பைத் தாங்கிக்கொள்ளக்கூடும். பல நூறு கோடி உரூபாய் முதலீட்டில் உருவாகும் படம், முதல் வார இறுதியிலேயே பெரும்பகுதியை ஈட்டியாக வேண்டிய நிலையில், இதனைத் தாங்குவது கடினம்.

தொலைக்காட்சி உரிமை இரண்டாவது காரணம். தனியார் தொலைக்காட்சிகள் 'யு' அல்லது 'யு/ஏ' சான்றிதழ் பெற்ற படங்களையே ஒளிபரப்ப இயலும். 'ஏ' படம் தொலைக்காட்சிக்குச் செல்லவேண்டுமாயின் மீண்டும் வெட்டப்பட்டு மறுசான்றிதழ் பெற வேண்டும். ஆகவே ஒளிபரப்பு உரிமையின் விலையிலும் அந்த ஓரெழுத்து பங்கு கொள்கிறது.

மூன்றாவது காரணம் தமிழகத்திற்கே உரியது. 2006இல் தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு வழங்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியபின் அவ்விலக்கிற்கான நிபந்தனைகள் விரிவாக்கப்பட்டன. தமிழ்ப்பெயர் மட்டும் போதாது. படம் 'யு' சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பதாக அமைய வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். சில படங்கள் 'யு' பெற்றும் விலக்கு மறுக்கப்பட்டு நீதிமன்றம்வரை சென்றன. 2017 சூலையில் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் இவ்வேற்பாடு முடிவுற்றது.

இந்த ஆறு ஆண்டுகளின் விளைவு ஆராயத்தக்கது. சான்றிதழ் என்பது சிறுவரைக் காக்கும் கருவி என்னும் நிலையிலிருந்து வரிச்சலுகைக்கான தகுதிச் சீட்டாக மாறிற்று. துப்பாக்கிச் சண்டைகள் நிறைந்த குண்டர் கும்பல் கதையான 'கபாலி' 2016இல் 'யு' சான்றிதழுடன் வெளிவந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 'யு' என்பது 'ஐந்து வயதுக் குழந்தையும் அச்சமின்றிக் காணத்தக்கது' என்னும் பொருளை இழந்து, 'வெட்டவேண்டியவை வெட்டப்பட்டன' என்னும் பொருளை ஏற்றுக்கொண்டது.

ஆலிவுட்டின் அனுபவம்: ஓர் ஒப்பீடு

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1984இல் வெளிவந்த 'இந்தியானா ஜோன்சும் அழிவின் கோயிலும்', 'கிரெம்லின்ஸ்' ஆகிய படங்களைக் கண்ட பெற்றோர் பலர், அவை சிறுவர்க்குக் கொடூரமானவை என முறையிட்டனர். முதற்படத்தின் இயக்குநரும் இரண்டாம் படத்தின் தயாரிப்பில் பங்குகொண்டவருமான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே இடைப்பிரிவு ஒன்று வேண்டுமெனப் பரிந்துரைத்தார். அவ்வாறு அவ்வாண்டு சூலை முதல் நாள் 'பிஜி-13' பிறந்தது. பெற்றோரை எச்சரிக்கத் தோன்றிய அப்பிரிவு, காலப்போக்கில் பெருஞ்செலவுப் படங்களின் இயல்பான இருப்பிடமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது இரசிகர்களை வருத்தியது. 'ஆர்' பிரிவில் மூன்று படங்களாக வளர்ந்த 'டை ஹார்ட்' தொடரின் நான்காம் படம் 2007இல் 'பிஜி-13'ஆக வந்தது. நாயகனின் அடையாளமாகவே மாறியிருந்த வசை கலந்த சொற்றொடர் துப்பாக்கி ஓசையில் அமிழ்த்தப்பட்டது. பின்னர்க் குறுந்தட்டில் வெட்டப்படாத வடிவம் விற்பனைக்கு வந்தது. 2014இல் 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' தொடரின் மூன்றாம் படமும் இவ்வழியே சென்றது. அம்முடிவு தவறானது என அதன் நாயகர் சில்வெஸ்டர் ஸ்டலோனே பின்னர் ஒப்புக்கொண்டார்.

மறுபுறம், 2016இல் ஏறத்தாழ 58 மில்லியன் டாலர் செலவில் 'ஆர்' பிரிவிலேயே எடுக்கப்பட்ட 'டெட்பூல்' உலகெங்கும் 780 மில்லியன் டாலர் அளவில் ஈட்டியது. 2019இல் 'ஜோக்கர்' ஒரு பில்லியன் டாலரைக் கடந்தது. இவற்றைக் கொண்டு கட்டற்ற வன்முறையே வெற்றி தரும் என்று கூறிவிட முடியாது. 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' தொடரின் நான்காம் படம் 2023இல் 'ஆர்' பிரிவுக்கே திரும்பியும் வணிகத்தில் வீழ்ந்தது. இவ்விரு போக்குகளும் உணர்த்துவது ஒன்றே: இரசிகர் கேட்பது குருதியை அன்று, படைப்பு தன் இயல்புக்கு உண்மையாக இருப்பதையே கேட்கிறார்.

குருதியற்ற வன்முறை: மெய்ப்பாட்டு நோக்கு

சான்றிதழுக்காக ஒரு சண்டைக்காட்சி மாற்றப்படும்போது உண்மையில் எது நீக்கப்படுகிறது? பொதுவாகக் கையாளப்படும் உத்திகளைத் தொகுத்து நோக்கலாம். வாள் வீசப்படும், அது உடலில் இறங்குமுன் காட்சி மாறும். துப்பாக்கி வெடிக்கும்; குருதி தெறிக்காது. அல்லது குருதியின் நிறம் கருமையாக்கப்படும், காட்சி கறுப்பு வெள்ளையாக்கப்படும். வசைச்சொல் ஒலியிழக்கும், வாயசைவு எஞ்சும். வீழ்ந்தவன் எங்கோ வீழ்வான். அவன் முகத்தைக் காட்டுவதற்கு நேரமிராது. இவை அனைத்திலும் தாக்கும் செயல் முழுமையாக எஞ்சுகிறது. தாக்குண்டவனின் துன்பம் மட்டும் மறைகிறது.

இதனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு விளக்கலாம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டனுள், அழுகைக்கு இழப்பையும் இளிவரலுக்குப் பிணி, வருத்தம் முதலியவற்றையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் சுட்டுகிறார். வெகுளிக்கு உறுப்பை அறுத்தலும் கொலையும் காரணங்களாகின்றன. பெருமிதத்தின் களன்களுள் தறுகண்மை இடம்பெறுகிறது. போர்க்காட்சி ஒன்று முழுமையாக அமையும்போது இம்மெய்ப்பாடுகள் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. வீரனின் தறுகண்மையைக் கண்டு பெருமிதம் கொள்ளும் அவையோர், வீழ்ந்தவன் உடலைக் கண்டு அச்சமும் இளிவரலும் கொள்கின்றனர். அவனுக்குரியோர் துயர் கண்டு அழுகையும் கொள்கின்றனர்.

சான்றிதழுக்காகச் செய்யப்படும் வெட்டு இச்சமநிலையைக் குலைக்கிறது. அச்சம், இளிவரல், அழுகை ஆகிய மூன்றும் களையப்படுகின்றன; பெருமிதமும் உவகையும் மட்டும் எஞ்சுகின்றன. கொலை என்பது இசைக்கேற்ற அசைவாகி விடுகிறது. நூறுபேரை வீழ்த்தும் நாயகனைச் சிறுவன் காண்கிறான். ஒரு பிணத்தையும் அவன் காண்பதில்லை. சிறுவரைக் காக்கும் நோக்கில் செய்யப்பட்ட செயல், வன்முறைக்கு விளைவு இல்லை என்னும் பாடத்தை அவர்க்குக் கற்பிப்பதாக முடிகிறது. அமெரிக்காவில் 2013இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, 'பிஜி-13' படங்களில் துப்பாக்கி வன்முறை 1985க்குப்பின் மும்மடங்குக்கு மேல் பெருகியதாகக் கண்டது. வாயிலைக் காக்க நியமிக்கப்பட்ட பிரிவே அதற்கு வழிவிட்டது என்பதே இதன் பொருள்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கொடூரத்தைக் காட்டுவதே அறம் என்று இக்கட்டுரை வாதிடுகிறதா? இல்லை. காட்டாமலே உணர்த்தும் ஆற்றல் சிறந்த கலைக்கு உண்டு. கதவுக்குப் பின்னால் நிகழும் கொலையை ஒரு தாயின் முகத்தில் காட்டலாம். ஆயின் அத்தகைய மறைப்பு படைப்பாளன் தேர்ந்தது. அதில் அழுகை எஞ்சியிருக்கும். சான்றிதழுக்கான மறைப்பில் எஞ்சுவது நாயகனின் நடை மட்டுமே.

இரண்டு வழக்குகள்: 'ஜெயிலர்', 'கூலி'

இச்சிக்கலின் இரு முனைகளையும் காட்டும் இரண்டு வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஈராண்டு இடைவெளியில் நிகழ்ந்தன. இரண்டும் இரசினிகாந்த் நடித்த படங்கள் பற்றியவை. இரண்டையும் தயாரித்தது ஒரே நிறுவனம்.

2023 ஆகஸ்டில் வெளிவந்த 'ஜெயிலர்' படத்திற்கு 'யு/ஏ' வழங்கப்பட்டது. தலை துண்டிக்கப்படும் காட்சி உட்படக் கடும் வன்முறை நிறைந்த படத்திற்கு இச்சான்றிதழ் பொருந்தாது என்று கூறி, அதனை நீக்கக் கோரிப் பொதுநல வழக்கொன்று தொடுக்கப்பட்டது. வெளிநாடுகளில் அப்படம் உயர்ந்த வயதுப் பிரிவில் வைக்கப்பட்டதும் அதில் சுட்டப்பட்டது. நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

2025 ஆகஸ்டு 14ஆம் நாள் லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் 'கூலி' வெளிவந்தது. அதற்கு 'ஏ' வழங்கப்பட்டிருந்தது. 1989இல் வந்த 'சிவா'வுக்குப்பின், ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, இரசினிகாந்த் படமொன்று 'ஏ' பெற்றதாக இதழ்கள் எழுதின. அவர் திரைக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு அது. மூன்று தலைமுறையினர் ஒன்றாய்ச் சென்று கொண்டாடுவதற்குரிய அந்நாளில் இளையோர் வாயிலில் நிறுத்தப்பட்டனர். பின்னர்த் தயாரிப்பு நிறுவனம் 'யு/ஏ' கோரி நீதிமன்றம் சென்றது. 'கே.ஜி.எஃப்.', 'பீஸ்ட்' போன்ற படங்களுக்கு அச்சான்றிதழ் வழங்கப்பட்டதை அது எடுத்துக்காட்டியது. வெட்டுகளை ஏற்றால் 'யு/ஏ' கிடைக்கும் என்பது முன்பே தெரிவிக்கப்பட்டது, நிறுவனம் 'ஏ'வை ஏற்றே படத்தை வெளியிட்டது என்பது வாரியத் தரப்பின் வாதம். ஆகஸ்டு இறுதியில் அம்மனுவும் தள்ளுபடி செய்யப்பட்டது.

முன்னைய வழக்கு சான்றிதழ் தளர்வானது என்றது. பின்னையது இறுக்கமானது என்றது. நீதிமன்றம் இரண்டிலும் வாரியத்தின் முடிவில் தலையிடவில்லை. சட்டப்படி இது பொருத்தமாயிருக்கலாம். ஆயின் இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பெற்றோர்க்கு, எந்த வன்முறை எந்த வயதினர்க்கு என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. தலை துண்டிக்கப்படும் படம் பத்து வயதுச் சிறுவனுக்கு உரியதாயின், பதினேழு வயது இளைஞனுக்கு விலக்கப்பட்ட படத்தில் அதனினும் மிகுதியாக இருந்தது யாது? வாரியம் தன் முடிவுக்கான காரணத்தைப் பொதுமக்கள் அறியும் வகையில் விரிவாக விளக்கியிருந்தால் இவ்வினா எழுந்திராது.

இன்னொன்றும் கருதத்தக்கது. முன்னர் இத்தகைய முறையீடுகளைக் கேட்கத் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' படத்தில் 52 இடங்களில் வெட்டு கோரப்பட்டபோது, தயாரிப்பாளர் அத்தீர்ப்பாயத்தை அணுகிப் படத்தைக் காத்தார். 2011இல் அது 'ஏ' சான்றிதழுடன் வெளிவந்தது. 2021இல் அத்தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. கலைநுட்பம் அறிந்தோர் அமர்ந்து பேசித் தீர்த்த சிக்கல்கள் இன்று நேரே உயர்நீதிமன்றத்திற்குச் செல்கின்றன.

கடல்கடந்த பாட வேறுபாடுகள்

ஒரே படம் நாட்டுக்கு நாடு வேறு வடிவம் கொள்வது மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. சிங்கப்பூர் 1991இல் வயது வகைப்பாட்டு முறையைத் தொடங்கியது. 2004இல் 'எம்18', 'ஆர்21' ஆகிய பிரிவுகளையும், 2011இல் 'பிஜி13' பிரிவையும் சேர்த்தது. மலேசியத் தணிக்கை வாரியம் தனக்கென வேறு பிரிவுகளைக் கொண்டுள்ளது. சென்னையில் 'யு/ஏ' பெற்ற படம் இவ்விரு நாடுகளிலும் வேறு வயதினர்க்கு உரியதாகிறது; அல்லது வயதைக் குறைப்பதற்காக மீண்டும் வெட்டப்படுகிறது.

'கபாலி' இதற்குத் தலைசிறந்த சான்று. பா. இரஞ்சித் இயக்கிய அப்படத்தின் களம் மலேசியா. அதன் மாந்தர் மலேசியத் தமிழர். இந்திய வடிவத்தின் இறுதியில் இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் கபாலியை நெருங்குகிறான், திரை இருள்கிறது, வெடியோசை மட்டும் கேட்கிறது. முடிவு பார்வையாளரிடம் விடப்படுகிறது. மலேசியாவில் திரையிடப்பட்ட வடிவத்திலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்னும் எழுத்துக்குறிப்பு இறுதியில் இடம்பெற்றது. குற்றம் தண்டனையின்றி முடியலாகாது என்னும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் யாருடைய வாழ்வைப் படம் பேசியதோ அம்மக்களே அதன் முடிவை வேறாகக் கண்டனர். துன்பியல் கேள்வியாய் முடிந்த படம் இங்கு நீதிக்கதையாய் முடிந்தது.

இதற்கு எதிரான போக்கும் உண்டு. 2023இல் 'லியோ' வெளியானபோது, பிரிட்டனில் அதனை வெளியிட்டவர்கள் முதலில் எவ்வெட்டுமின்றித் திரையிடுவதாகவும், பின்னர் இளையோர்க்கேற்ற வடிவத்திற்கு மாறுவதாகவும் அறிவித்தனர். வெட்டப்படாமை என்பதே ஒரு விளம்பரமாயிற்று. தமிழகத்து இரசிகர் காணாத சில நொடிகளை இலண்டன் இரசிகர் காண்கிறார் என்னும் உணர்வு, முழுமையான படம் எங்கோ இருக்கிறது, நமக்குக் கிடைத்தது அதன் குறைவடிவமே என்னும் ஐயத்தை வளர்க்கிறது.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளைப் பதிவுசெய்த உ.வே.சாமிநாதையரின் மரபில் வந்தவர்கள் நாம். ஒரு சொல்லுக்கு இரண்டு பாடங்கள் இருப்பின் இரண்டையும் குறிப்பதே முறை எனக் கற்றுள்ளோம். திரைப்பட ஆய்வில் அம்முறையை நாம் பின்பற்றுவதில்லை. சென்னை வடிவம், கோலாலம்பூர் வடிவம், தொலைக்காட்சி வடிவம், இணையத்தள வடிவம் ஆகியவற்றுள் எதனைக் கண்டு எழுதுகிறோம் என்று கூறாமலே ஆய்வுரைகள் எழுதப்படுகின்றன. 'கபாலி'யின் முடிவைப் பற்றி இரு நாட்டு ஆய்வாளர் வாதிட்டால், இருவரும் வெவ்வேறு பனுவல்களைப் பற்றி வாதிடுவதாகவே அமையும்.

இரசிகரின் ஏமாற்றம்

சான்றிதழால் ஏமாற்றமடையும் இரசிகர் இருவகையினர். முதல்வகையினர் வயது வந்தோர். தம் இயக்குநரின் கடுமையான உலகை நாடிச் சென்று, மழுங்கிய வாளைக் கண்டு திரும்புவோர். இரண்டாம் வகையினர் சிறுவரும் அவர்தம் குடும்பத்தினரும். பாடல்களையும் முன்னோட்டங்களையும் பல வாரங்களாகக் கண்டும் கேட்டும் களித்தபின் வாயிலில் திருப்பி அனுப்பப்படுவோர். ஒரே முடிவு ஒரு வகையினரை நிறைவுசெய்தால் மறு வகையினரை வருத்தும். ஆதலால் இருவர்க்கும் ஒருசேர விற்க முயலும் படமே சிக்கலின் ஊற்றுக்கண் எனலாம்.

'கூலி' நிகழ்வில் பலர் வாரியத்தையே குறைகூறினர். சினம் செல்லவேண்டிய திசை அதுமட்டுமன்று. 'ஏ' சான்றிதழை ஏற்று வெளியிட்ட படத்தின் விளம்பரம் சிறுவரையும் ஈர்க்குமாறே அமைந்திருந்தது. கதையின் இயல்புக்காகச் சிறுவரை இழக்கத் துணிந்திருந்தால் அத்துணிவு பாராட்டத்தக்கதே. வெளியீட்டுக்குப்பின் நீதிமன்றம் சென்று அச்சிறுவரையும் கோரியது அத்துணிவோடு முரண்படுகிறது. 'வடசென்னை' 2018இலும் 'விடுதலை' முதற்பாகம் 2023இலும் 'ஏ' பெற்றே வெளிவந்தன. அவற்றின் இரசிகர் ஏமாற்றம் அடையவில்லை. படம் யாருக்குரியது என்பதில் படைப்பாளிக்கும் பார்வையாளர்க்கும் ஒத்த கருத்து இருந்ததே காரணம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வயது வகைப்பாடு அயலானதன்று. கலிங்கத்துப்பரணியைக் கற்பிக்கும்போது கடைதிறப்பை விடுத்துப் போர்ப்பகுதியைத் தெரிந்தெடுப்பது பள்ளிகளில் வழக்கம். குருதியும் நிணமும் நிறைந்த களக்காட்சி மாணவர்க்கு ஏற்றது, காமம் ஏற்றதன்று என்னும் நம் தீர்ப்பில் வாரியத்தின் மனப்போக்கே எதிரொலிக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் விடுத்த பகுதி நூலில் அப்படியே இருக்கிறது. மாணவன் வளர்ந்தபின் நூலகம் சென்று அதனைப் படிக்கலாம். வெட்டப்பட்ட திரைப்படத்தின் முழு வடிவம் பெரும்பாலும் எங்கும் வைக்கப்படுவதில்லை. வயது வகைப்பாடு வாசகனைக் காத்திருக்கச் செய்கிறது. வெட்டு நூலையே மாற்றிவிடுகிறது. முன்னதை ஏற்கலாம், பின்னதை ஏற்பது கடினம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெருஞ்செலவுப் படத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல்களுள் வயதுச் சான்றிதழும் ஒன்று. முதலீடு, ஒளிபரப்பு உரிமை, ஒருகாலத்தில் வரிவிலக்கு ஆகியவற்றின் வழியே அது கதைக்குள் நுழைகிறது. இரண்டாவது, சான்றிதழுக்காக மழுக்கப்படும் வன்முறை சிறுவர்க்குப் பாதுகாப்பானது என்பது நிறுவப்படாத நம்பிக்கை. துன்பத்தை மறைத்து வெற்றியை மட்டும் காட்டும் காட்சி, மெய்ப்பாட்டு நோக்கில் குறைப்பட்டதும் அறநோக்கில் ஐயத்திற்குரியதும் ஆகும். மூன்றாவது, இரசிகரின் ஏமாற்றம் கலைநேர்மை குறித்த ஒரு முறையீடு. திறனாய்வாளர் அதற்குச் செவிசாய்க்க வேண்டும்.

2023ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வாய்ப்பை வழங்கியுள்ளது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோர்க்கெனத் தனிப்பிரிவு இருப்பதால், கடுமையான கதையை வெட்டின்றி அங்கு வைக்கவும், இளஞ்சிறார்க்குரியதை உண்மையாகவே அவர்க்குரியதாக ஆக்கவும் இயலும். அதற்கு வாரியம் தன் காரணங்களை வெளிப்படையாகக் கூற வேண்டும். தயாரிப்பாளர் தம் படம் யாருக்கென்று தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அப்பிரிவும் 'பிஜி-13' சென்ற வழியே சென்று வெறும் வணிக இலக்காகிவிடக்கூடும் என்னும் அச்சமும் இல்லாமலில்லை.

நம்மளவில் செய்யத்தக்கது எளிது. திரைப்படம் குறித்து எழுதும்போதும் வகுப்பறையில் பேசும்போதும், எந்த நாட்டில் எந்தச் சான்றிதழுடன் எவ்வடிவத்தைக் கண்டோம் என்பதைப் பதிவுசெய்வோம். படத்தின் முதற்சில நொடிகளில் தோன்றி மறையும் அந்தத் தாளை மாணவரைப் படிக்கச் சொல்வோம். தாம் காண்பதில் எது நீக்கப்பட்டிருக்கக்கூடும், வீழ்ந்தவனின் முகம் ஏன் காட்டப்படவில்லை என்று கேட்கக் கற்ற மாணவனை எந்தப் படமும் எளிதில் ஏமாற்ற இயலாது.